தெருவிலிருந்து மீண்டவர்களுக்கு ஒரு நிலையான வீடு: தக்கலையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

தக்கலைக்கு அருகே உங்கள் அறக்கட்டளைக்கு ஒருவர் எழுதிக் கொடுத்த பழைய ஓட்டு வீட்டில், தெருவில் திரிந்து மீட்கப்பட்டு, மனநலச் சிகிச்சை முடிந்தும் போக இடமில்லாமல் காப்பகத்தில் தங்கியிருக்கும் நான்கு ஆண்களைக் குடிவைக்கலாமா, வைத்தால் இரண்டு ஆண்டுகளில் அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த நால்வரை எடுத்துக்கொள்வது சரிவருமா, அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு ஆம் என்பதும் இரண்டாவதற்குக் கூடாது என்பதும் என் பதில். மூன்றாவது சற்று நீளமானது. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, பிறகு அவர்கள் எங்கே வாழ்வது என்ற கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் நான். செய்து பார்த்ததையும் படித்து அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஆதரவுடன் கூடிய நிரந்தரக் குடியிருப்பு என்று சொல்லும்போது, அந்த 'நிரந்தரம்' ஒருவர் சாகும்வரை அங்கேயே கிடக்க வேண்டும் என்பதைக் குறிப்பதில்லை. அவராக விரும்பிப் போகாதவரை, குறிப்பிட்ட காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி யாரும் அவரை வெளியேற்ற மாட்டார்கள் என்பதைக் குறிக்கிறது. வாடகைக்குக் குடியிருக்கும் எவருக்கும் உள்ள உரிமையும் பொறுப்பும் அவருக்கும் உண்டு. மருந்து, சமையல், பணக் கணக்கு, அரசு அலுவலக அலைச்சல் ஆகியவற்றுக்கு உதவ ஓர் ஆள் வந்துபோவார்; ஆனால் அந்த உதவியை ஏற்றுக்கொண்டால்தான் வீடு என்ற நிபந்தனை இருக்காது. இரண்டு ஆண்டு என்று நாள் குறித்துவிட்டால், முதல் ஆண்டு முழுவதும் அவர் பழகுவார், இரண்டாம் ஆண்டு முழுவதும் அடுத்து எங்கே என்று பயப்படுவார். நோய் திரும்புவதற்கு அந்தப் பயமே போதுமானதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்வது உங்கள் நிர்வாகக் குழுவில் பேச உதவும். அமெரிக்காவில் முன்பு பெரும்பாலும் படிக்கட்டு முறைதான் இருந்தது: முதலில் இரவுத் தங்குமிடம், அங்கே குடியை நிறுத்தி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அடுத்த கட்ட விடுதி, அங்கும் நல்ல பெயர் வாங்கினால் கடைசியில் வீடு. பலர் நடுப்படியிலேயே சறுக்கி மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய 'பாத்வேஸ் டு ஹவுசிங்' அமைப்பு இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. முதலில் வீடு, மற்றவை பிறகு. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அமைப்பின் வீடுகளில் 88 சதவீதத்தினர் நிலைத்திருந்தார்கள். படிக்கட்டு முறையில் 47 சதவீதத்தினரே நிலைத்தார்கள். கனடா அரசு 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்குவதைப் போல இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்கள் முழுவதும் வீட்டில் இருந்தவர்கள், வீடு பெற்ற பிரிவில் 62 சதவீதம், வழக்கமான சேவைகளுக்கு விடப்பட்ட பிரிவில் 31 சதவீதம். பின்லாந்து 2008 முதல் இரவுத் தங்குமிடங்களையே வாடகைக் குடியிருப்புகளாக மாற்றத் தொடங்கியது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே கனடா ஆய்வில் மனநோய் அறிகுறிகளும் போதைப் பழக்கமும் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. 2018-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் வெளியிட்ட அறிக்கையும், இத்தகைய குடியிருப்பு மட்டுமே உடல்நலத்தைப் பெரிதாக முன்னேற்றுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே சொன்னது. ஆகவே, வீட்டில் வைத்தால் நோய் குணமாகிவிடும் என்று நன்கொடையாளர்களிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீடு கொடுத்தால் ஒருவர் வீட்டில் இருப்பார், அவ்வளவுதான் உறுதி. மழையில் நனையாமல், அடி வாங்காமல், மருந்துச் சீட்டைத் தொலைக்காமல் இருப்பது அதனோடு வரும்.

நம் நாட்டில் இந்த எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. நியூயார்க்கில் ஒருவருக்கு ஒரு தனிக் குடியிருப்பு என்பது இயல்பு. இங்கே பத்து ஆண்டு காப்பகத்தில் இருந்த ஒருவரைத் தனி அறையில் விட்டால் சாப்பாட்டுக்குக்கூடப் பேச்சுத்துணை இருக்காது. 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தில் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு எடுத்து, நான்கைந்து பேர் ஒரு குடும்பம்போலச் சேர்ந்து வாழும்படி செய்தது. உடன் இருந்து உதவுபவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இத்திட்டத்தை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நீங்கள் நினைத்திருக்கும் நால்வர் வீடு இதற்கு மிக நெருக்கமானது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியில் வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. 18-ஆம் பிரிவு, ஆதரவுடன் கூடிய தங்குமிடத்தை அரசு அளிக்க வேண்டிய சேவைகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. ஏட்டில் இப்படி இருந்தாலும், 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பில், உள்நோயாளிகளில் 36 சதவீதத்தினர் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே இருந்தவர்கள் என்று தெரியவந்தது. நீங்கள் வீட்டைத் திறப்பதற்கு முன், உங்கள் ஏற்பாடு பதிவு செய்ய வேண்டிய மனநல நிறுவனமாகக் கருதப்படுமா என்பதை மாநில மனநல ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்களைச் சேர்த்து, வைத்து, பராமரிக்கும் இடம் என்றால் பதிவும் குறைந்தபட்சத் தரவிதிகளும் வரும். பின்னால் யாரேனும் புகார் எழுதும்போது அந்த ஒரு கடிதம் உங்களைக் காப்பாற்றும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தன்மை உண்டு. கன்னியாகுமரி ரயில் பாதை முடியும் இடம். திப்ருகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வரும் விவேக் எக்ஸ்பிரஸும், கத்ராவிலிருந்து வரும் ஹிம்சாகரும் இங்கேதான் நிற்கின்றன, அதற்குமேல் கடல். சீட்டில்லாமல் ஏறியவர், வழியில் இறக்கிவிடப்படாமல் தப்பினால், இறங்குவது இங்கேதான். அதனால் நமக்குக் கிடைப்பவர்களில் வங்காளமும் ஒடியாவும் இந்தியும் பேசுபவர்கள் கணிசம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கு பெய்வதால், தெருவில் கிடப்பவருக்கு ஆண்டில் பாதி நாள் ஈரம். சட்டத்தின் 100-ஆம் பிரிவு, திரியும் மனநோயாளியைக் காவல் துறையினர் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் நால்வருக்கும் அந்த அறிக்கையின் நகல் இருக்கிறதா என்று காப்பகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் செய்யவையுங்கள். சொந்தக்காரர் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை நாம் அறியாமல் குடிவைத்துவிடக் கூடாது.

இப்போது வீட்டைப் பற்றி. 'இல்லம்' என்ற அழகான சொல் நம் பேச்சில் கெட்டுப்போய்விட்டது. முதியோர் இல்லம், கருணை இல்லம் என்று பலகை மாட்டிய கட்டடத்தைத்தான் அது இப்போது நினைவூட்டுகிறது. உங்கள் வீட்டுக்குப் பலகை வேண்டாம். நன்கொடையாளரின் பெயர் பொறித்த கல்வெட்டும் வாசலில் வேண்டாம். இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி உண்டு, ஏனெனில் இதைவிடப் பெரிய தவறு ஒன்றை நானே செய்திருக்கிறேன். நாங்கள் முதலில் எடுத்த வீட்டில், பாதுகாப்பு என்று நினைத்து, இரவு எட்டு மணிக்கு வெளிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பணியாளரிடம் கொடுத்துவைத்தோம். நாற்பது வயதுக்காரர் ஒருவர், மருந்தும் சாப்பாடும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, பகலில் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. நான்காம் நாள் வடசேரி பேருந்து நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் அட்டை விரித்துப் படுத்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "இங்க பூட்டு கெடையாதுல்லா சார்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் மாண்டதைக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தவன் நான். என் வீட்டுக் கதவிலேயே அதன் சின்ன வடிவம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் நான்கு சாவிகள் செய்து, ஆளுக்கொன்று கொடுத்தோம். அவர் திரும்பி வந்தார். முதல் மூன்று வாரம் கட்டிலில் படுக்காமல் திண்ணையில் மூட்டையைத் தலைக்கு வைத்தே தூங்கினார். யாரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. சாவியைக் கைலி மடிப்பில் முடிந்து வைத்திருப்பார், பேசிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் காலையில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசி நெத்திலி வாங்கி, மரச்சீனி அவித்து, எல்லோருக்கும் தானே பரிமாறினார். அன்று இரவு கட்டிலுக்குப் போனார். இதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, அவசரப்படுத்தாமல் இருந்ததைத் தவிர.

ஓட்டு வீடு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். நாகர்கோவிலில் கோட்டாறு போன்ற பகுதிகளில் வீடுகள் ஒட்டி ஒட்டித் தெருவாக இருக்கின்றன. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக நிற்கும், சுற்றிலும் ரப்பரும் தென்னையும். அமைதியான இடம் மனநோயாளிக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காப்பகத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு மாற்றுவது ஒரு தனிமையிலிருந்து இன்னொரு தனிமைக்கு மாற்றுவதே ஆகும். நடந்துபோகும் தூரத்தில் சாயாக்கடை, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அறக்கட்டளையின் வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் ஊருக்குள் வேறு வீடு எடுப்பது மேல். நன்கொடை தந்தவர் வருத்தப்படலாம்; நான்கு பேரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் அது சமாளிக்கக்கூடியது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டின் சொந்தக்காரரும் உதவி செய்பவரும் ஒருவராகவே இருக்கும்போது ஒரு சிக்கல் வரும். மருந்து சாப்பிட மறுத்தவரிடம், சாப்பிடாவிட்டால் வெளியே போ என்று சொல்லும் ஆசை யாருக்கும் எழும். ஆகவே அறக்கட்டளையில் வீட்டைப் பார்க்கும் ஆள் வேறு, அவர்களைப் பார்க்கும் ஆள் வேறு என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொருவரோடும் தனித்தனியாக எழுத்து ஒப்பந்தம் போடுங்கள், அவர்களுக்குத் தெரிந்த மொழியில். வருமானம் வரத் தொடங்கியதும் சிறு தொகையானாலும் வாடகை வாங்குங்கள். அமெரிக்கத் திட்டங்களில் பொதுவாக வருமானத்தில் 30 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள், நீங்கள் அதைவிடக் குறைவாக வைக்கலாம். வாடகை கொடுக்கும் மனிதர், குழாய் ஒழுகுகிறது என்று சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன்.

உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறைய வீடுகள் தோற்கின்றன. காப்பாளர் மனப்பான்மை உள்ளவர் வேண்டாம். பக்கத்து ஊரிலிருந்து வரும், குடும்பம் நடத்தித் தெரிந்த, குரலை உயர்த்தாத ஒருவர் போதும். ஆரம்ப மாதங்களில் இரவும் ஒருவர் தங்கட்டும்; பிறகு பகல் மட்டும், அதன்பின் வாரத்தில் சில நாட்கள் என்று குறைக்கலாம், மீண்டும் தேவைப்பட்டால் கூட்டலாம். அவர் சமைத்துப் போடக் கூடாது, சேர்ந்து சமைக்க வேண்டும். பத்து ஆண்டாகப் பாத்திரத்தை நீட்டிச் சாப்பாடு வாங்கியவருக்கு, இன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவெடுப்பதே பெரிய வேலை. மாதாந்திர மருந்து மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல் சில முறை கூடப் போய், எந்த வரிசையில் நிற்பது என்று காட்டிக்கொடுத்தால் பிறகு அவர்களே போவார்கள். அவசரத்தில் பேச 14416 என்ற, அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். செலவில் உணவோ வாடகையோ அல்ல, உதவியாளரின் சம்பளமே பெரிய தொகையாக இருக்கும். சேவைதானே என்று அதைக் குறைத்தால் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுவார்; ஒவ்வொரு மாற்றத்திலும் நால்வரில் ஒருவராவது நிலைகுலைவார்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றைக்கொண்டு ஆதார் எடுக்க முடியும். ஆகவே காப்பகத்திலிருந்து வெளியே வருவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள், வந்தபின் முகவரி மாற்றினால் போதும். விரல் ரேகை வைக்கும்போது, பழைய ஆதார் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்தால் மனம் தளர வேண்டாம். குடும்பத்தைக் கண்டுபிடிக்க அதுவே வழியாகலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று மருத்துவர் சான்று கொடுத்தால் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். வங்கிக் கணக்கு அவர் பெயரில், அட்டை அவர் கையில் இருக்க வேண்டும். நம்பிக்கையின் பேரில் எல்லா அட்டைகளையும் ஓர் அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் நல்ல எண்ணத்தில் தொடங்கி வேறெங்கோ போய் முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலையை நிபந்தனையாக்காதீர்கள், ஆனால் வழி காட்டுங்கள். தோவாளைப் பூச்சந்தையை ஒட்டிப் பூக்கட்டும் வேலை உண்டு, முந்திரி ஆலைகள் உண்டு, கயிறு உண்டு, கடலோரத்தில் வலை பின்னுவது உண்டு. மாத்திரையால் காலையில் கண் திறக்க முடியாதவருக்கு விடியற்காலைச் சந்தை ஒத்துவராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. எதிர்ப்பு வரும். குடிவருவதற்கு முன் கூட்டம் போட்டு அனுமதி கேட்கலாமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. வேறு யாராவது அந்தத் தெருவில் குடிவரும்போது ஊரைக் கூட்டி அனுமதி கேட்பதில்லை. கேட்டால், மறுக்கும் உரிமையை நாமே கொடுத்ததாகிவிடும். ஒருவரின் நோய் விவரத்தை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமையும் கிடையாது. அதற்காக மூடி மறைக்கவும் வேண்டாம். முதல் வாரத்தில் உதவியாளர் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய், நாங்கள் புதிதாக வந்திருக்கிறோம், ஏதாவது தொந்தரவு என்றால் இந்த எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று சொல்லட்டும். அப்படிக் கூப்பிட்டால் அந்த நிமிடமே யாராவது போய் நிற்க வேண்டும். இதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அண்ணன் தொடக்கத்தில் கவுன்சிலர் வரைக்கும் போனவர். இரவு பதினொரு மணிக்கு ரேடியோச் சத்தம் என்று அவர் கூப்பிட்டபோது கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். ரேடியோ எங்கள் வீட்டில் பாடவில்லை, அதற்கு அடுத்த வீட்டில் பாடியது. அவர் அதன்பின் புகார் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, எங்கள் வீட்டில் மூத்தவரை அவர் பிள்ளைகள் பாட்டா (தாத்தா) என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நால்வரில் ஒருவர் என்றாவது குடித்துவிட்டு வருவார், அல்லது மருந்தை நிறுத்தி நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர வேண்டி வரும். குடித்துவிட்டு வந்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். அடிதடி செய்தால் அதற்கு மற்றவர்களின் பாதுகாப்பை முன்வைத்து வேறு ஏற்பாடு வேண்டும், அப்போதும் தெருவுக்கு அல்ல, வேறொரு வீட்டுக்கு. மருத்துவமனையில் சேர்ந்தவரின் கட்டில் காலியாகத்தானே இருக்கிறது, காத்திருக்கும் ஐந்தாவது ஆளுக்குக் கொடுத்தால் என்ன என்று உங்கள் குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார், நல்ல மனதோடுதான் கேட்பார். கொடுக்காதீர்கள். இரண்டு மாதமானாலும் அவர் பாய், அவர் தட்டு, ஆணியில் தொங்கும் அவர் சட்டை ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மருத்துவமனைக்குப் பார்க்கப் போகிறவர், சாவி அவரிடம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.